இரண்டாவது உருக்கலின் எண் எங்கே?

புதிய உலோகக் கலவைகளை உருவாக்கும் ஆய்வகங்களுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் அமைப்புகளுக்கும், முடிவுகளை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. ஜெட் இன்ஜின், அனல்மின் நிலையம், அணு உலை, செயற்கை இடுப்பு மூட்டு என்று முதல் பத்தியில் ஒரு பட்டியல் வரும். நடுவில் ஒரு வரைபடம். உலகம் இதுவரை பயன்படுத்திய கலவைகள் எல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகளாகக் கீழே கிடக்க, உங்களுடையது மட்டும் வலப்பக்க மேல்மூலையில் சிவப்பு நட்சத்திரமாக நிற்கும். முடிவுரையில், இந்தக் கலவைக்குப் பொறியியலில் பெரும் எதிர்காலம் இருக்கிறது என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை என்பதே காரணம்.

நான் அந்த வரிக்கு மறுபக்கத்தில் வேலை பார்ப்பவன். உலோகப் பாகங்களைச் சோதிப்பதும், உடைந்து வருபவற்றின் முறிவுப் பரப்பைப் பார்த்து விரிசல் எங்கே தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று எழுதிக் கொடுப்பதும் என் தொழில். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் நுண்ணோக்கிகளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது. ஆனால் ஒரு பாகத்துக்குப் பொருள் தேட வேண்டிய வடிவமைப்புப் பொறியாளர் உங்கள் கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டி, "இதை நம்பலாமா?" என்று கேட்கும்போது என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு கலவையை அறிவிக்கும்போது அதன் உச்ச வலிமையோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது முறை உருக்கி வார்த்தபோது அதே எண் வந்ததா, கனமான வார்ப்பில் என்ன ஆனது, ஆயிரக்கணக்கான மணி நேரம் சூட்டில் கிடந்தபின் என்ன ஆனது, எந்த உருக்கல்கள் தோற்றன என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். அதற்குப் பணம் ஒதுக்குங்கள். அதற்கு இதழில் இடம் கொடுங்கள்.

முதலில் அந்தச் சிவப்பு நட்சத்திரம் எதிலிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். நீர் ஓடிக் குளிர்விக்கும் செம்புத் தட்டு ஒன்று. அதன் குழியில் எடை போட்ட தூய உலோகத் துணுக்குகள். மேலே டங்ஸ்டன் முனை, சுற்றிலும் ஆர்கான் வாயு. மின்வில் பற்றியதும் துணுக்குகள் சேர்ந்து ஒரு பளபளக்கும் துளியாகத் திரள்கின்றன. அணைத்தால் சில நொடிகளில் உறைந்துவிடும். கலவை சீராக வேண்டும் என்பதற்காக அதைப் புரட்டிப் போட்டு மறுபடி மறுபடி உருக்குவார்கள். கடைசியில் கிடைப்பது சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியதொரு வட்டம். அதை உருட்டித் தகடாக்கி, கம்பி மின்பொறி வெட்டியால் சில மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று இழுவிசைத் துண்டுகள் எடுத்து, இழுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதுகிறீர்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. தொடக்கம் அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குப் பொருந்தும். பல டன் வார்ப்புக்குப் பொருந்தாது. பொத்தான் நொடிகளில் உறைகிறது. ஒரு டர்பைன் வட்டுக்கான வார்ப்பு உள்வரை உறைய மணிக்கணக்கில் ஆகிறது. அந்த நேரத்தில் கலவைத் தனிமங்கள் சும்மா இருப்பதில்லை. சில திண்மத்தில் அமர்கின்றன, சில திரவத்தில் ஒதுங்குகின்றன. கடும் சூட்டிலும் வலிமை இழக்காத நிக்கல் கலவைகளை சூப்பர் அலாய் என்பார்கள். அவற்றில் உலகில் மிக அதிகமாகப் பயன்படும் 718-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 5 விழுக்காடு நையோபியம் இருக்கிறது. அதன் வலிமைக்குக் காரணமே நையோபியம்தான். தலைவலிக்கும் அதுவே காரணம். உறையும் கிளைகளுக்கு இடையே மீந்திருக்கும் திரவத்தில் நையோபியம் சேர்ந்து அத்திரவம் கனத்துப் போகிறது. கனத்த திரவம் வழிந்தோடிய தடத்தில் சங்கிலிபோல் புள்ளிகள் உறைந்துவிடும். அந்த இடத்தில் கலவையே வேறு. எந்த வெப்பப் பதனிடலாலும் அதைத் துடைக்க முடியாது. அதனால்தான் 718-ஐ வெற்றிடத்தில் ஒருமுறை, கசடுப் படுகையில் ஒருமுறை, மறுபடி வெற்றிட மின்வில்லில் ஒருமுறை என்று மூன்று தடவை உருக்குகிறார்கள். வார்ப்பின் விட்டம் அரை மீட்டரைத் தாண்டினால் அப்போதும் கவலைதான். 1960-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற கலவை இது. இதைப் பெரிதாக வார்ப்பது எப்படி என்ற கேள்வி அதன்பிறகும் பல பத்தாண்டுகள் பலருக்குச் சோறு போட்டிருக்கிறது.

உங்கள் புதிய கலவையில் ஐந்து தனிமங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய சம அளவில். உருகுநிலைகள் ஒன்றுக்கொன்று ஆயிரம் டிகிரிகூட வேறுபடலாம். நொடியில் உறைந்த பொத்தானில் அது அழகாகக் கலந்திருக்கிறது. நூறு கிலோவில்? அந்த வரி கட்டுரையில் இல்லை.

வலிமை என்ற ஒற்றை எண்ணை முன்னிறுத்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இயந்திரங்கள் பெரும்பாலும் உச்ச வலிமை போதாமல் உடைவதில்லை. என் மேசைக்கு வரும் பாகங்களில், ஒரே இழுப்பில் சுமை தாங்காமல் அறுந்தது என்று எழுத வேண்டியவை குறைவு. மீண்டும் மீண்டும் ஏறி இறங்கிய சுமையால் வளர்ந்த சோர்வு விரிசல், அரிப்பும் இழுவிசையும் கைகோத்த விரிசல், நுழைந்த ஹைட்ரஜன், பற்றவைப்பின் ஓரம், கூர்மையான ஒரு மூலை, இவைதான் அதிகம். இவற்றில் பல, வலிமை கூடக் கூட மோசமாகும் குணங்கள். மிக உயர்ந்த வலிமையுள்ள எஃகு போல்ட்டுக்கு மின்முலாம் பூசினால், அதில் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்றப் பல மணி நேரம் சுமார் 190 டிகிரியில் சூடாக்க வேண்டியிருக்கிறது. அதை மறந்தால், முறுக்கி இறுக்கிய மறுநாள் யாரும் தொடாமலேயே அது அறுந்து விழும். சாதாரண எஃகு போல்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அலுமினியத்தின் கதை இதைவிடத் தெளிவானது. துத்தநாகம், மக்னீசியம், செம்பு சேர்ந்த மிக வலிமையான அலுமினியக் கலவை 1936-இல் ஜப்பானில் சுமிடோமோ நிறுவனத்தில் உருவானது. 'ஜீரோ' போர்விமானத்தின் இறக்கைச் சட்டத்துக்கு அது போனது. 1943-இல் அமெரிக்காவின் அல்கோவா அதே குடும்பத்தில் 7075-ஐக் கொண்டுவந்தது. டி6 என்ற உச்ச வலிமை நிலையில் அதைப் பதனிட்டுத் தடித்த பாகங்கள் செய்தார்கள். ஈரக் காற்றும் உள்ளே தங்கிய இழுவிசையும் சேர்ந்தபோது, உலோகத்தின் தடிமன் திசையில், உலோகத்துக்குள் அடுக்கியிருக்கும் சின்னஞ்சிறு படிகமணிகளின் எல்லையோரமாக விரிசல் விட ஆரம்பித்தது. இதற்குத் தீர்வாக வந்தது புதிய கலவை இல்லை. அதே 7075-ஐ வேண்டுமென்றே உச்சத்தைத் தாண்டிக் கூடுதலாக முதிரவைக்கும் டி73 என்ற பதனிடல். அதில் வலிமை 10 முதல் 15 விழுக்காடு குறையும். விமானத் துறை அந்த இழப்பை விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டது. உங்கள் வரைபடத்தில் வைத்தால் டி73 தோல்வி. புள்ளி கீழே இறங்கிவிட்டது அல்லவா! இன்றைய இதழ் ஒன்றுக்கு இதை அனுப்பினால், "முந்தைய நிலையைவிட வலிமை குறைவாக இருக்கிறதே, இதில் புதுமை என்ன?" என்று மதிப்பீட்டாளர் கேட்டுத் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

அடுத்தது காலம். இதில்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும்.

சூட்டில் நிலையான சுமையின் கீழ் உலோகம் மெல்ல மெல்ல நீள்வதை ஊர்வு என்கிறோம். ஊர்வுச் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. வரிசையாக நெம்புகோல் பொறிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு உலை, உலைக்குள் ஒரு துண்டு, நெம்புகோலின் மறுமுனையில் இரும்புத் தட்டுகள் தொங்கும். வெப்பநிலை ஓரிரு டிகிரி பிசகினாலும் முடிவு பாழ் என்பதால் அறையின் குளிரூட்டிகூட நிற்கக் கூடாது. ஒருவர் நாளுக்கு ஒருமுறை வந்து நீட்சியைக் குறித்துக்கொண்டு போவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மின்நிலையக் குழாய்களுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அளவு 1,00,000 மணி நேர வலிமை. அது பதினோரு ஆண்டுகளுக்கும் மேல். எந்த முனைவர் பட்டத்துக்குள்ளும் அடங்காத காலம். அதனால் சில ஆயிரம் மணி நேரம் சோதித்து, மீதியைக் கோடு நீட்டிக் கணக்கிடுகிறோம். லார்சனும் மில்லரும் 1952-இல் தந்த சூத்திரம் அதற்கு இன்றும் உதவுகிறது. கோடு நேராகப் போகும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

9 முதல் 12 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகுகளில் அந்தக் கோடு வளைந்தது. நீராவியை 600 டிகிரிக்கும் மேலே கொண்டுபோனால் எரிபொருள் மிச்சமாகும் என்பதால் இந்த எஃகுகள் மேல் உலகமே ஆசை வைத்தது. குறுகிய காலச் சோதனைகளில் 12 விழுக்காடு குரோமியம் சேர்த்தவை பிரமாதமாக நின்றன. அவற்றின் வலிமைக்கு ஆதாரம், உள்ளே தூவியதுபோல் பரவியிருக்கும் வனேடியம், நையோபியம் நைட்ரைடுத் துகள்கள். மிகச் சிறியவை, நகரப் பார்க்கும் குறைபாடுகளை ஆங்காங்கே பிடித்து நிறுத்துபவை. ஆனால் அந்த வெப்பநிலையில் அவை நிலையானவை இல்லை. இசட் நிலை எனப்படும் குரோமியம் நிறைந்த வேறொரு நைட்ரைடு மெல்ல மெல்ல முளைத்து, இந்தச் சிறு துகள்களைத் தின்று, தான் பருத்துக்கொண்டே போகிறது. அரிப்பைத் தடுக்க என்று சேர்த்த கூடுதல் குரோமியமே அதற்கு ஊக்கம் கொடுக்கிறது. பல்லாயிரம் மணி நேரம் கழித்துத்தான் இதன் விளைவு தெரிய வந்தது. அதற்குள் குழாய்கள் நிறுவப்பட்டுவிட்டன. 2000-களில் இந்த வகை எஃகுகளுக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்த அளவுகளைக் குறைக்க வேண்டி வந்தது.

அந்தத் திருத்தம் சாத்தியமானதற்கு ஒரு காரணம், எங்கோ சிலர் பொறுமையாக நெம்புகோல்களைக் காத்துக்கொண்டிருந்ததுதான். ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனம், தன் முன்னோடி அமைப்பு 1966-இல் தொடங்கிய ஊர்வுத் தரவுத் திட்டத்தில், வணிக உற்பத்தியிலிருந்தே பல உருக்கல்களின் துண்டுகளை வாங்கி, ஒரே எஃகு எவ்வளவு சிதறுகிறது என்பதோடு சேர்த்துத் தரவுகளை அச்சிட்டு வருகிறது. ஒரு கார்பன் எஃகுத் துண்டை அவர்கள் 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமையில் வைத்திருந்தார்கள். தொடங்கியவர்கள் ஓய்வு பெற்றபின்னும் தொடர்ந்த சோதனை அது. அந்தத் தரவு ஏடுகளில் சிவப்பு நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. பணம் ஒதுக்கும் அமைப்புகளே, உங்கள் பட்டியலில் இப்படி எத்தனை திட்டங்கள் இருக்கின்றன?

காலம் எப்போதும் எதிரியாகத்தான் வரும் என்று சொல்லவில்லை. 1906-இல் ஜெர்மன் உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தார். சில நாள் கழித்து அளந்தபோது அறை வெப்பநிலையில் சும்மா கிடந்த துண்டு கடினமாகியிருந்தது. அதற்குள் என்ன நடந்தது என்பதை 1938-இல்தான் கினியேவும் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிரில் பார்த்துச் சொன்னார்கள். அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் காரணம் முழுதும் தெரியாத உலோகத்தில் விமானங்கள் பறந்தன. உலோகவியலில் இப்படித்தான், விளக்கம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும்.

இப்போது டைட்டானியம். 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவை, சுருக்கமாக 6-4, 1950-களில் வந்தது. இதைவிட அதிகமாக ஆராயப்பட்ட டைட்டானியம் உலகில் இல்லை. அந்தக் கலவைக்கு இரண்டு நாட்கள் உண்டு, ஒவ்வோர் உலோகவியலாளரும் அறிய வேண்டியவை.

முதல் நாள், 1989 ஜூலை 19. 296 பேருடன் பறந்த டிசி-10 விமானத்தின் வால் பகுதி இன்ஜினில் முன்விசிறி வட்டு வெடித்துச் சிதறியது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் அறுந்தன. விமானிகள் மீதமிருந்த இரண்டு இன்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே அமெரிக்காவின் சியூக்ஸ் சிட்டி வரை கொண்டுவந்து தரையிறக்க முயன்றார்கள். 112 பேர் இறந்தனர். பின்னர் சோள வயல்களிலிருந்து மீட்ட வட்டின் துண்டுகளில் விரிசலின் தொடக்கப் புள்ளியைத் தேடிப் போனபோது, வட்டின் உட்துளைப் பரப்பில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குழிவு இருந்தது. உருக்கும்போது ஓரிடத்தில் நைட்ரஜன் அதிகமாகச் சேர்ந்து, கண்ணாடிபோல் நொறுங்கும் கடினக் கட்டி ஒன்று அங்கே உறைந்திருந்தது. கடைசல் வேலையின்போதோ அதையொட்டியோ அது உதிர்ந்து குழிவை விட்டுச் சென்றது. அன்று முதல் ஒவ்வொரு பறப்பிலும் விரிசல் ஒரு கோடு வளர்ந்தது. அந்த வட்டுக்கான டைட்டானியம் 1970-களின் தொடக்கத்தில் இரண்டு முறை உருக்கியது. மூன்று முறை உருக்கும் வழக்கம் சிறிது காலத்திலேயே வந்துவிட்டது. ஏற்கெனவே செய்த வட்டுகள் பறந்துகொண்டே இருந்தன. இங்கே வேதியியல் பட்டியலில் எந்தப் பிழையும் இல்லை. சராசரி நைட்ரஜன் அளவு எழுதி வைத்த வரம்புக்குள் இருந்தாலும், பிசகு ஓரிடத்தில் குவிந்து நிற்கலாம்.

இரண்டாவது நாள், 2017 செப்டம்பர் 30. கிரீன்லாந்துக்கு மேலே ஏ380 விமானம் ஒன்றின் இன்ஜினில் விசிறியும் அதன் மையப் பகுதியும் பிய்ந்து போயின. விமானம் கனடாவில் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் காயம் இல்லை. காரணம் தெரிய வேண்டுமானால் மையப் பகுதியின் துண்டு வேண்டும். அது பனிப்படலத்துக்குள் எங்கோ புதைந்து கிடந்தது. தேடித் தேடி 2019-இல் பனிக்குள் சில மீட்டர் ஆழத்திலிருந்து தோண்டி எடுத்தார்கள். விரிசல் மேற்பரப்பில் தொடங்கவில்லை, உள்ளே தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் நைட்ரஜன் கட்டியோ துளையோ எதுவும் இல்லை. பக்கத்துப் பக்கத்துப் படிகமணிகள் ஏராளமானவை ஒரே திசையில் அடுக்கி நின்ற ஒரு பகுதி மட்டுமே இருந்தது. அப்படி நிற்கும் மணிக்கூட்டம், சுமையை ஏற்றிச் சில நிமிடம் பிடித்து வைத்தால், அறை வெப்பநிலையிலேயே மெல்ல வழுக்கிக் கொடுத்து அண்டை மணிகள்மேல் பாரத்தைத் தள்ளிவிடும். குளிர் நிலை நீடிப்புச் சோர்வு என்று இதற்குப் பெயர். 1970-களிலேயே வேறு டைட்டானியக் கலவைகளில் இது தலைகாட்டியது. 6-4 கலவைக்கு இந்த ஆபத்து குறைவு என்று துறை நம்பிக்கொண்டிருந்தது. அறுபது ஆண்டுகள் புழங்கிய கலவை, பெரிய பாகமாக அடித்து உருவாக்கும்போது உள்ளே படிகமணிகள் எப்படி அணிவகுக்கின்றன என்ற ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிட்டது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த டைட்டானியம் நல்ல கலவை. இன்றும் அதில்தான் பறக்கிறோம். அதன் குணத்தில் பெரும்பகுதி கலவை விகிதத்தில் இல்லை, அது கடந்து வந்த பாதையில் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். எத்தனை முறை உருகியது, எந்த வெப்பநிலையில் எத்தனை அடி வாங்கியது, எவ்வளவு வேகத்தில் ஆறியது. உங்கள் கட்டுரைகளில் இந்தப் பாதைக்கு இரண்டு வரி ஒதுக்குகிறீர்கள். சில நேரம் "உருட்டப்பட்டது, பின் மென்பதனிடப்பட்டது" என்பதோடு சரி. எவ்வளவு உருட்டல், எத்தனை தடவையில், இடையில் எத்தனை டிகிரி என்று தேடினால் கிடைக்காது.

அசுத்தங்கள் பற்றியும் இப்படித்தான். ஜெட் இன்ஜின் டர்பைனில் சுழலும், முழுவதும் ஒரே படிகமாக வார்த்த நிக்கல் ஒற்றைப் படிகத் தகடுகளில் கந்தகம் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே மேலே காப்பாக உருவாகும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலம் பற்றி நிற்காமல் உரிந்து விழுகிறது. ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தால் அதே கலவை வேறு கலவைபோல் நடந்துகொள்கிறது. ஈயமும் பிஸ்மத்தும் இதைவிடப் பொல்லாதவை. நீங்கள் 99.99 விழுக்காடு தூய தனிமங்களில் தொடங்குகிறீர்கள். ஆலையோ பழைய உலோகத்தையும் சேர்த்து உருக்குகிறது, உருக்கவும் வேண்டும். உங்கள் கலவை எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்ற கேள்விக்கு வேண்டுமென்றே கொஞ்சம் கந்தகம் போட்ட ஒரு பொத்தான் பாதிப் பதில் தந்துவிடும். யாரும் போடுவதில்லை.

கணினிக் குழுக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023-இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடமான டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்து அறிவித்தது. அவற்றில் 3,80,000 நிலையானவை என்றது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பொறியியல் கலவைகளில் உழைப்பவை பல நிலையானவையே இல்லை. எஃகுக்குக் கடினம் தரும் மார்ட்டன்சைட் எந்தச் சமநிலை வரைபடத்திலும் கிடையாது. வேகமாகக் குளிரவைத்து, நடுவழியில் சிக்கவைத்த நிலை அது. வில்மின் அலுமினியமும் அப்படியே. குறைந்த ஆற்றல் நிலையைத் தேடும் கணிப்பு, நமக்கு வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். கலவைகளின் வலிமையைக் கற்றுக் கணிக்கும் மாதிரிகளுக்கு இன்னொரு குறை உண்டு. அவை படிப்பது நீங்கள் அச்சிட்டதை. நீங்கள் அச்சிட்டது வென்ற உருக்கல்களை மட்டும். உருட்டும்போது வெடித்தவை, பெயர் சொல்லாமல் குப்பைக்குப் போனவை எதுவும் அந்தப் பாடத்தில் இல்லை. தோல்வியைப் பார்த்தே அறியாத மாதிரி எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண்தான் போடும்.

பல தனிமங்களை ஏறக்குறைய சம அளவில் சேர்க்கும் உயர் என்ட்ரோபிக் கலவைகளுக்கு நான் எதிரி என்று இதைப் படிப்பவர்கள் நினைக்கலாம். இல்லை. 2004-இல் தைவானில் யே குழுவும் பிரிட்டனில் கான்டர் குழுவும் தனித்தனியே திறந்த கதவு அது. குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் சம அளவில் சேர்ந்த கலவை, திரவ நைட்ரஜன் குளிரிலும் விரிசலைத் தாங்கி நிற்பதை 2014-இல் காட்டியபோது நானும் வியந்தேன். அந்த ஆய்வில் முறிவுத் தாங்குதிறனை முறையாக அளந்திருந்தார்கள். அதனால்தான் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறோம். அதற்குப் பிறகு வந்த ஏராளமான தம்பி தங்கைகளில் எத்தனைக்குப் பற்றவைப்பு, சோர்வு, அரிப்பு மூன்றும் அளந்திருக்கிறார்கள்?

முழு வழியையும் நடந்த கலவைகளும் உண்டு. அலுமினியத்தில் 1 விழுக்காடு லித்தியம் சேர்த்தால் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு குறைந்து, விறைப்பு சுமார் 6 விழுக்காடு கூடுகிறது. யாருக்குத்தான் ஆசை வராது? 1950-களின் இறுதியில் வந்த முதல் கலவை நொறுங்கும் தன்மையால் கைவிடப்பட்டது. 1980-களில் வந்தவை ஒரு திசையில் வலிமை, மறு திசையில் ஏமாற்றம் என்று நின்றன. லித்தியத்தைக் குறைத்து, செம்பையும் சிறிது வெள்ளியையும் சரிசெய்த 2195 கலவைதான் 1998-இல் விண்வெளி ஓடத்தின் வெளித் தொட்டியில் ஏறி, சுமார் 3,400 கிலோ எடையைக் குறைத்தது. டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்து உருவாகும் டைட்டானியம் அலுமினைடும் அப்படித்தான். அறை வெப்பநிலையில் ஓரிரு விழுக்காடு நீட்சிக்குமேல் தராத பொருளை வைத்து இன்ஜின் தகடு செய்ய, வடிவமைப்பு விதிகளையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2010-களின் தொடக்கத்தில் நிக்கலின் பாதி அடர்த்தியோடு அது ஜெட் இன்ஜினின் பின்பகுதிக்குள் போனது. இரண்டிலும் முந்தைய தோல்விகள் அச்சில் இருந்ததால்தான் அடுத்தவர் அதே பள்ளத்தில் விழவில்லை.

"மூன்று ஆண்டு நிதியில், ஒரு மாணவரை வைத்துக்கொண்டு, 1,00,000 மணி நேரம் எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நியாயம்தான். அவ்வளவும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. விமானத் துறையில் ஒரு பொருளின் வடிவமைப்பு மதிப்பை, அதன் தொகுப்பில் 99 விழுக்காடு அதைத் தாண்டும் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல முடிந்தால்தான் உயர்ந்த தரத்தில் ஏற்பார்கள். அதற்குப் பல உருக்கல்களிலிருந்து குறைந்தது நூறு சோதனைகள் வேண்டும். உங்களிடம் நூறு கேட்கவில்லை. இரண்டு கேட்கிறேன். வேறொரு நாளில், வேறொரு தொகுதித் தனிமங்களில், முடிந்தால் வேறொருவர் கையால் செய்த இரண்டாவது உருக்கல். அதன் எண்ணை முதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இன்னும் நல்லது. எங்கே கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அதோடு, பயன்படுத்தப் போவதாக நீங்களே சொல்லும் வெப்பநிலையில் ஆயிரம் மணி நேரம் சும்மா உலையில் போட்டு வைத்த ஒரு துண்டு. ஆறு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. உலைக்கு மேற்பார்வைகூடத் தேவையில்லை. எடுத்து வெட்டி, என்ன முளைத்திருக்கிறது என்று ஒரு படம்.

இதழாசிரியர்களே, உருகிய அளவு எத்தனை கிராம், எந்த வேகத்தில் ஆறியது, ஆக்சிஜனும் நைட்ரஜனும் கந்தகமும் அளந்த அளவு என்ன, எத்தனை துண்டுகள் சோதித்து எத்தனையை ஒதுக்கினீர்கள் என்ற நான்கு கேள்விகளையும் கட்டுரைப் படிவத்திலேயே கட்டாயமாக்கிவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும். தோற்ற உருக்கல்களை இணைப்பில் சேர்ப்பவர்களைப் பாராட்ட வேண்டாம், திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

பணம் ஒதுக்குபவர்களுக்குக் கொஞ்சம் கடினமான வேண்டுகோள். ஒவ்வோர் ஆய்வகமும் தனித்தனியே ஊர்வுப் பொறி வாங்குவது வீண். பொதுவான சோதனைக்கூடம் ஒன்று, இருபது ஆண்டு உறுதியான நிதியோடு, துண்டுகளை யார் அனுப்பினாலும் அதே முறையில் சோதித்துத் தரவைத் திறந்து வைக்கும் கூடம், வேண்டும். பத்துக் கிலோ, நூறு கிலோ என்று அளவை ஏற்றிப் பார்க்கும் உருக்கு உலையும் அதனோடு. புதிய கலவைக்கு ஒதுக்கும் பத்து ரூபாயில் ஒரு ரூபாயை இதற்கு எடுத்து வைத்தால், மிச்ச ஒன்பது ரூபாயில் கிடைக்கும் கலவைகளில் எதை விட்டுவிடலாம் என்பதாவது முன்கூட்டியே தெரியும். கூடவே அந்தக் கலவையின் தனிமங்கள் எங்கிருந்து வருகின்றன என்றும் கேளுங்கள். ரீனியத்தின் ஓராண்டு உலக உற்பத்தி சில பத்து டன்கள்தான். அதுவும் செம்பு, மாலிப்டினம் சுரங்கங்களின் உபரி. ஒற்றைப் படிகத் தகடுகளில் 3 விழுக்காடு, 6 விழுக்காடு என்று ஏற்றிக்கொண்டே போன துறை, பிறகு அதைப் பாதியாகக் குறைத்த கலவைகளைத் தேடி உட்கார வேண்டியதாயிற்று.

கடைசியாக ஆய்வகங்களுக்கு, வேலையோடு வேலையாக ஒன்று. எங்களைப் போன்றவர்களிடம் துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பும்போது, எந்த உருக்கல், வார்ப்பின் மையமா ஓரமா, உருட்டிய திசை எது என்பதை அதன் தலைப்பகுதியில் பொறித்து அனுப்புங்கள். உறையின் மேல் பேனாவால் எழுதியது எண்ணெய் பட்டால் அழிந்துவிடுகிறது. உடைந்த பாதிகளைத் திருப்பிக் கேளுங்கள். முறிவுப் பரப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல், உலர்ந்த பையில் தனித்தனியே வையுங்கள். கட்டுரை வெளிவந்துவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்தாண்டு கழித்து யாராவது அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதக்கூடும். அநேகமாக அது நானாக இருப்பேன்.

இப்படிக்கு,
முறிவுகளை ஆராயும் ஓர் உலோகவியல் பொறியாளர்